கடல்தண்ணீர் தெளித்த வேன்

வண்டியை எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். பெயிண்ட் மினுங்குகிறதா, கண்ணாடியில் சாமி பெயர் எழுதியிருக்கிறதா, சீட்டு உறை புதுசா என்று பார்ப்பார்கள். நான் அடியில் பார்ப்பேன். ராணுவத்தில் லாரி ஓட்டிப் பழகிய உடம்பு; ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கல்யாண மண்டப வாசலில் புதுக் கார் ஒன்று நின்றால், தரையில் ஒரு கையை ஊன்றி, தலையைச் சாய்த்து, அடிவயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவேன். 'என்னத்தலே தொலச்ச?' என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பழக்கம் காஷ்மீரில் வந்தது. அங்கே பனிக்காலத்தில் ரோட்டின் மேல் ஐஸ் பிடித்துக்கொள்ளும். டயர் நிற்காது. ஐஸ் உருகுவதற்காக உப்பை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ரோட்டில் வீசுவார்கள். நம் வீட்டில் ஊறுகாய்க்குப் போடுகிற அதே கல்லுப்புதான். ஐஸ் உருகி உப்புத்தண்ணீராகி, ஓடுகிற வண்டியின் அடியில் எல்லா இடுக்கிலும் போய்ச் சேரும். கவனிக்காமல் விட்டால் சைலன்சர் வழியிலேயே கழன்று விழும். மட்கார்டில் கைவைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வண்டி முகாமுக்குத் திரும்பியதும் மேட்டில் ஏற்றி நிறுத்தி, அந்தக் குளிரில், அடிப்பக்கம் முழுவதையும் தண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும். விரல் மரத்துப்போய் யாருடைய விரலோ என்றாகிவிடும். கழுவி முடித்தபின் எங்கள் ஹவில்தார் வருவார். சக்கரத்துக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி, அதை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் மறுபடியும் முதலிலிருந்து கழுவு என்பார். அந்த மனிதரை நான் திட்டாத கெட்ட வார்த்தை கிடையாது.

ஊருக்கு வந்தபின் உப்புத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். இங்கே ஐஸ் ஏது, ரோட்டில் உப்பு ஏது.

என் அக்கா வீடு இலஞ்சிப் பக்கம். அத்தானுக்கு வீரகேரளம்புதூரில் கொஞ்சம் வயல் இருந்தது. நெல் போட்டு மாளாது என்று அதை விட்டுவிட்டு வேன் ஒன்று வாங்கி, தானே ஓட்டிக்கொண்டிருந்தார். சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களை அருவி அருவியாகச் சுற்றிக் காட்டுவது, கார்த்திகை மார்கழியில் சபரிமலை, வருசம் முழுக்கத் திருச்செந்தூர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு அவர் ஒருவர்தான் உலகம் என்று சொன்னால் அது வெறும் பேச்சுக்குச் சொல்வது இல்லை. வேன் கிளம்பினால் அது திரும்பும்வரை அவள் நடையில் உட்கார்ந்திருப்பாள். சோறு இறங்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்தால் வண்டி ஓட்டுகிறவர் கவனம் போகும் என்று போனும் செய்யமாட்டாள். கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. வேன் வாங்கிய புதிதில், ராயகிரியில் ஒரு கல்யாணத்துக்கு ஆள் இறக்கிவிட்டுத் திரும்பும்போது எதிரே வந்த லாரி உரசி, பக்கத்துக் கண்ணாடியெல்லாம் சிதறி அத்தான் கன்னத்தில் குத்தியது. தழும்பு கடைசிவரை இருந்தது. கண்திருஷ்டி என்றார்கள். பக்கத்தில் யாருக்கும் இல்லாத புது வண்டி அல்லவா. திருச்செந்தூரில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சாமி கும்பிட்ட ஒரு அம்மா, அமாவாசைக்கு அமாவாசை கடல்தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கும் கடைக்கும் கடல்தண்ணீர் தெளிப்பது எங்கள் பக்கம் பலரும் செய்கிறதுதான். அக்கா வண்டிக்கும் தெளித்தாள்.

தெளித்தாள் என்றால் மாவிலையால் நாலு சொட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அதை முதல்முறை நான் பார்த்தது ஓய்வு பெற்று வந்த முதல் மாதத்து அமாவாசையில். அத்தான் திருச்செந்தூரிலிருந்து கேன் நிறையக் கொண்டுவந்திருந்தார். அக்கா முதலில் வீட்டு மூலைகளில் தெளித்தாள். அப்புறம் வேன் முன்னால் வந்து, முகப்பில், ஸ்டியரிங்கில், வாசல்படியில். அதோடு விட்டிருக்கலாம். ஒரு செம்பை எடுத்து நாலு சக்கரத்துக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மொண்டு மொண்டு ஊற்றினாள். மிச்சத் தண்ணீரை வேனுக்குள் ஏறித் தரையில் கவிழ்த்தாள். பூசணிக்காய் உடைத்தாள். 'மூணு நாளைக்கு நல்ல தண்ணி படக்கூடாது' என்று அத்தானிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் முழுக்கச் செதில் செதிலாகத் துரு. விரலால் தடவி நாக்கில் வைத்தேன். கரித்தது. காஷ்மீரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, சாரல் அடிக்கிற ஊரில், என் சொந்த அக்கா வீட்டு வாசலில் அந்த ருசி.

காப்பியோடு வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே, என்னத்த நக்குத?"

"அக்கா, இது வெறும் உப்பு. இரும்பத் திங்கும்."

"அது செந்தூர்க் கடல் தண்ணிலே. சாமி காலடில கெடக்க தண்ணி."

"சாமி காலடில கெடந்தாலும் உப்பு உப்புதாங்க்கா. வடக்க இதுக்குன்னே ஒரு ஆளப் போட்டுக் கழுவச் சொல்லுவாங்க. வண்டி அடியில வந்து பாரு, எப்படி அரிச்சிருக்குன்னு."

"அடியில கெடந்தாக் கெடக்கட்டும். அந்த லாரிக்காரன் இடிச்சதுக்கு அப்புறம் அவியளுக்கு ஒரு கீறல் உண்டா? நீயே சொல்லு. ஒரு கீறல்?"

உண்மையில் இல்லை. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டில் வாதாடினாலும் அந்தக் கேள்வியை என்னால் தாண்டியிருக்க முடியாது.

அமாவாசைத் தண்ணீர் ஒருபக்கம் என்றால், திருச்செந்தூர் போகிறவர்கள் செய்வது இன்னொரு பக்கம். கடலில் முங்கிக் கும்பிட்டு, அந்த ஈரத்தோடேயே வேனில் ஏறுவார்கள். வேட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ரப்பர் விரிப்புக்கு அடியில் இறங்கித் தகரத்தில் தங்கும். ஈர வேட்டியோடு ஏறுகிற பக்தரை எந்த டிரைவர் இறங்கச் சொல்வான்? சொன்னால் அடுத்த வருசம் வேறு வேனில் போய்விடுவார்கள். வெயிலடிக்கிற ஊராக இருந்தால் அந்த ஈரமாவது காய்ந்துவிடும். சாரல் தொடங்கினால் எங்கள் ஊரில் கொடியில் போட்ட உள்பாவாடைகூட மூன்று நாளைக்குக் காயாது. உப்பு அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து நாள் முழுக்க வேலை செய்யும்.

அத்தானிடம் தனியாகப் பேசினேன். ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில், அவர் சவாரிக்குக் காத்திருந்த நேரம்.

"நீ சொல்லுதது சரிதான் மாப்ள," என்றார். "எனக்குந் தெரியும். போன வருசமே தரை ஒரு எடத்துல ஓட்ட விழுந்து தகரம் வச்சு அடிச்சேன். அவகிட்டச் சொல்லல."

"சொல்லிட்டு நிப்பாட்ட வேண்டியதுதான அத்தான்?"

"என்னத்தச் சொல்லுதது? நான் வண்டிய எடுத்தா அவ படுத பாட்ட நீ பாத்திருக்கியா? அந்தத் தண்ணிய ஊத்துன அன்னைக்குத்தான் ஒழுங்கா ஒரு வாய் திங்குதா. ஒறங்குதா. அதயும் போயிப் பிடுங்கச் சொல்லுதியா?"

நான் கோபக்காரன். கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் வயசைப் பார்க்கமாட்டேன். "ஒறங்குனது போதும்னு ஒருநாள் ஆயிரும்" என்று சொல்லிவிட்டேன். அத்தான் சிரித்தார். கன்னத்துத் தழும்பைச் சொறிந்துகொண்டே, டீ குடிக்க வாரியா என்று கேட்டார். அந்த மனிதரோடு சண்டை போடவே முடியாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

சரி, நாமே கழுவிவிடலாம் என்று முடிவு செய்தேன். அடுத்த அமாவாசைக்கு மறுநாள் காலையில் அக்கா காசிவிசுவநாதர் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போய், மோட்டாரைப் போட்டு, ஹோஸைப் பிடித்து, மல்லாக்கப் படுத்துக்கொண்டு வேனின் அடிப்பக்கத்தைக் கழுவினேன். பழுப்பாக வழிந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது. ஹவில்தார் வந்து பார்த்தால் பாஸ் போட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டாள். வாசலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தவில்லை.

"என் தாலியக் கழுவி விட்டுட்டியேலே," என்றாள்.

அந்த வாரமே செங்கோட்டை ரோட்டில் முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி தெறித்து வேனின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. அத்தானுக்கு ஒன்றும் இல்லை. ஜல்லி ஏற்றிக்கொண்டு தார்ப்பாய் போடாமல் போகிற லாரியின் பின்னால் போனால் யார் கண்ணாடியும் உடையும். ஆனால் அக்காவுக்கு அதற்குமேல் வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு ஒரு கேன் இரண்டு கேன் ஆயிற்று. அவள் ஊற்றுகிறபோது நான் வாசலில் நிற்கக் கூடாது என்றும் ஆயிற்று. என் புத்திசாலித்தனத்தால் வண்டிக்கு இரட்டிப்பு உப்பு கிடைத்ததுதான் மிச்சம்.

ஆனாலும் அக்கா வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் வேன் நின்றால் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் படியேறுவேன். அக்கா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்த்துச் சான்று கொடுக்கிற எஃப்.சி. வந்தது. வேனை ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். எஃப்.சி.க்கு விடுகிற வண்டிக்கு எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். துருவை மேலாகச் சுரண்டிவிட்டு, ஓட்டையில் தகரத்தை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி தேய்த்து, அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடுவார்கள். தலைக்கு டை அடித்துக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வண்டி பத்து வயசு குறைந்து நிற்கும். நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பார்த்தபோது பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, பிரேக் பைப்ப மாத்துனியளா?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"கிளிப்பு போட்டிருக்க எடத்துலதான் தம்பி அரிச்சிருக்கு. மாத்துனா நல்லதுதான். சாமான் திருநெல்வேலியில இருந்து வரணும். வண்டி நாலு நாள் நிக்கணும். ஒங்க அத்தான்ட்டச் சொன்னேன், சீசன் முடிஞ்சு விடுதேன்னுட்டாரு."

அத்தானைப் பிடித்தேன்.

"சாரல் இப்பந்தான் எடுத்திருக்கு மாப்ள. அருவியில தண்ணி விழுற நாள்ல வண்டிய நிப்பாட்டுனா, அப்புறம் எவன் கூப்பிடுவான்? ஆவணி பொறக்கட்டும். நீயே கூட இருந்து மாத்து."

அவர் சொன்னதில் பொய் இல்லை. குற்றாலத்தில் எல்லா வண்டிக்காரரும் சொல்வது அதுதான். அருவி விழுகிற நாளில் யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள். நானும் ஆவணி என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

ஆவணிக்கு முன்னாலேயே, திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வேனைப் பிடித்தது. குழந்தைகளும் பெரியவர்களுமாக வண்டி நிறைய ஆள். குற்றாலத்தில் கூட்டம் அதிகம் என்று ஆரியங்காவு தாண்டிப் பாலருவிக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள். குளித்துவிட்டுத் திரும்பும்போது, புளியரைக்கு மேலே எஸ் வளைவு இறக்கத்தில், அத்தான் மிதித்த பிரேக் தரை வரைக்கும் போயிருக்கிறது.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். கையில் கட்டுப் போட்டிருந்தார்.

"காலத் தூக்கித் தூக்கி மிதிச்சாரு தம்பி. கியரக் குறைச்சாரு, ஹேண்ட் பிரேக்கப் புடிச்சாரு. எதுக்கும் கேக்கல. 'எல்லாரும் கம்பியப் புடிச்சுக்கிடுங்க'ன்னு மட்டுஞ் சொன்னாரு. சத்தங்கூடப் போடல. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் பாற. எதுக்க வண்டி வரலன்னு பாத்துட்டு, அவரு இருந்த பக்கத்தப் பாறையில குடுத்துட்டாரு."

வேனில் இருந்த ஒருவருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை. அத்தான் அங்கேயே போய்விட்டார்.

அக்கா அழவில்லை. அப்படி அழாமல் இருக்கிறவளைப் பார்க்கச் சகிக்காது. வந்த பெண்கள் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள். சீசனுக்கு வந்தவர்களுக்கு வழி சொல்கிற மாதிரி, 'தண்ணி குடிக்கியளா, அங்கன பானையில இருக்கு' என்று அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேனை ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள். வண்டி சோதிக்கிற அதிகாரி பார்த்துவிட்டுப் பிரேக் ஃபெயிலியர் என்று எழுதிப் போனார். அதற்குமேல் அவருக்கு வேலை இல்லை. எனக்கு இருந்தது. காவலரிடம் கேட்டுவிட்டு, சேற்றில் படுத்து அடியில் போனேன். பிரேக்குக்கு இரண்டு குழாய். ஒன்று முன்னமே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இன்னொன்று கிளிப்புக்கு அடியில் விட்டிருந்தது. அந்த இடத்தை நகத்தால் அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. கறுப்பு பெயிண்ட்தான் குழாய் மாதிரி நின்றுகொண்டிருந்தது; உள்ளே இரும்பு என்று ஒன்று இல்லை. பழக்கதோஷத்தில் விரலை நாக்கில் வைத்தேன்.

நான் சொன்னது சரி என்று ஆன நேரம் அது. அதைப்போலக் கேவலமான ஒரு நேரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. சேற்றில் கிடந்தபடியே அத்தானைத் திட்டினேன். 'ஆவணி, ஆவணி' என்று சொல்லிச் சொல்லித் திட்டினேன். காவலர் குனிந்து, 'என்ன சார், ஏதாவது கிடைச்சுதா?' என்றார். இல்லை என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். மத்தியானம் வீடு ஓய்ந்துபோனது. அக்கா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மெலிந்துபோயிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்ததால் வேறு யாரோ மாதிரி இருந்தது.

"ஏலே, ஸ்டேஷன்ல போயி வண்டி அடியில பாத்தியாமே," என்றாள்.

"பாத்தேன்."

"எதனால போச்சு?"

நான் வாய் திறக்குமுன் அவளே கேட்டுவிட்டாள்.

"நான் ஊத்துன தண்ணியாலயா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருசமாக இந்த ஒரு விஷயத்துக்காக அவளோடு மல்லுக்கு நின்றவன் நான். ஒரு வார்த்தையில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரிந்தது. கிணறு பின்வாசலில்தான் இருக்கிறது. அப்படிச் செய்யாவிட்டாலும், மிச்ச நாள் முழுக்கத் தன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? அத்தான் எழுந்து வரப்போகிறாரா?

"இல்லக்கா," என்றேன். "வழியில கல்லு ஏதோ தெறிச்சுப் பைப்புல அடிச்சிருக்கு. புதுப் பைப்பா இருந்தாலும் போயிருக்கும். உப்புக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல."

"அடிச்சுச் சொல்லுதியா?"

"அடிச்சுச் சொல்லுதேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீராக வந்தது. பொய் பிடித்துக்கொண்டது, இனி இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று கையை ஊன்றினேன்.

"அப்படின்னா கண்ணுதான் பட்டிருக்கு," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "தண்ணி ஊத்தியும் நிக்கலன்னா ரொம்பக் கெட்ட கண்ணு."

"இருக்கும்."

"வெளி ஆளு கண்ணுன்னா தண்ணியிலயே போயிருக்கும். வீட்டுக் கண்ணு போவாது." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நீதாம்லே. வாரப்பல்லாம் வாசல்லயே குனிஞ்சு, அந்த வண்டியப் பாத்துப் பாத்து, இது போவும் போவும்னு சொல்லிட்டே இருந்த. கட்டுன பொண்டாட்டி நான்கூட அப்படிப் பாத்ததில்ல. ஒங் கண்ணுதான் அவியளக் கொண்டு போச்சு."

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. இப்போது வாயைத் திறந்தால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவளைக் கொன்றுபோடலாம்.

"இருக்கும்க்கா," என்றேன். "என் கண்ணாத்தான் இருக்கும்."

அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தாள். இரண்டு கையாலும் என் தோளில், நெஞ்சில், முகத்தில் அடித்தாள். அடித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அத்தான் போன நாளிலிருந்து வராத அழுகை மொத்தமும் அப்போதுதான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு ஓடிவந்து நின்றார்கள். யாரோ அவளைப் பிடிக்க வந்தார்கள். விடுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். அவள் கை ஓய்கிற வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.